முதல் கார், வயது 23: இன்சூரன்ஸுக்கு 48,014 ரூபாய் கேட்கிறார்கள், குறைக்க வழி இருக்கிறதா?

வைகைக்கரை
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வேலை செய்கிறேன். வயது 23, லைசென்ஸ் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கார் வாங்கியதில்லை. நான்தான் முதல். 1197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், ஷோரூம் விலை 7.5 லட்சம். பாதி கையிருப்பு, மீதி வங்கிக் கடன்.

விலை பேசி முடித்து, டோக்கன் கொடுத்த பிறகுதான் இன்சூரன்ஸ் கணக்கைக் காட்டினார்கள். அப்படியே தருகிறேன் (ஐடிவி என்பது வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு):

ஐடிவி 7,12,500
ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கு, ஒரு ஆண்டு) 19,800
தேர்டு பார்ட்டி (பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு, 3 ஆண்டு) 10,640
உரிமையாளர் விபத்துக் காப்பீடு 950
ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் கவர்) 3,900
எஞ்சின் பாதுகாப்பு 1,150
ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டியே போனால் வாங்கிய விலை வரும்) 1,700
டயர் 1,100
கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு, போல்ட் போன்றவை) 750
சாவி 450
சாலை உதவி 250
இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 48,014.

இரண்டு மாதச் சேமிப்பு இது. குறைக்க முடியுமா என்று கேட்டால், "சின்ன வயசு, புது லைசென்ஸ், உங்களுக்கு இப்படித்தான் வரும்" என்கிறார் ஷோரூமில் இருப்பவர். இணையத்தில் தேடினாலும் இளம் ஓட்டுநர்களுக்குப் பிரீமியம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றுதான் வருகிறது. அப்பா பெயரில் எடுத்தால் குறையுமா? அப்பாவுக்கு வயது 54, லைசென்ஸ் பைக்குக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நாலுவழிச்சாலை
திங்கள், இரவு 10.15

தம்பி, முதலில் வாழ்த்துகள். வீட்டுக்கு முதல் கார் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வயதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். நம் நாட்டில் தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசு அறிவிக்கிறது, அது எஞ்சின் அளவை மட்டுமே பார்க்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. புது காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அது ஆண்டுத் தொகையின் மூன்று மடங்கு அல்ல, அதையும் அரசே தனியாக அறிவித்திருக்கிறது: உங்கள் எஞ்சின் அளவுக்கு 10,640. ஓட்டுவது 18 வயதுப் பையனாக இருந்தாலும் 60 வயதுப் பெரியவராக இருந்தாலும் இதே தொகைதான். எந்தக் கம்பெனியாலும் இதைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

ஓன் டேமேஜ் கணக்கும் பெரும்பாலும் வண்டியை வைத்துத்தான்: ஐடிவி, எஞ்சின் அளவு, வண்டியின் வயது, பதிவு செய்யும் ஊர். அதனால் அப்பா பெயரில் எடுப்பதால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

தேம்ஸ்தமிழ்
செவ்வாய், காலை 6.05

நீங்கள் இணையத்தில் படித்ததெல்லாம் எங்கள் ஊர்க் கதை. நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். இங்கே இன்சூரன்ஸ் ஓட்டுபவரைப் பார்த்துப் போடப்படுவது. யார் யார் ஓட்டப் போகிறார்கள் என்று பெயர் கொடுக்க வேண்டும், வயது, வேலை, அஞ்சல் குறியீடு எல்லாம் விலையை மாற்றும். என் மகன் 19 வயதில் எடுத்தபோது வந்த தொகையைப் பார்த்து மனைவி அழுதேவிட்டார், காரின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. பெற்றோர்தான் முக்கிய ஓட்டுநர் என்று சொல்லி எடுத்துவிட்டு, உண்மையில் பிள்ளையே பெரும்பாலும் ஓட்டுவது இங்கே மோசடியாகக் கருதப்படும், பாலிசியே செல்லாமல் போகும். கடைசியில் ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவியைக் காரில் பொருத்தி, இன்சூரன்ஸ் குழு எண் (பிரீமியம் கணக்கிடக் கார்களுக்கு இங்கே தரும் எண்) குறைந்த சின்னக் காராகப் பார்த்து எடுத்தோம்.

மதுரையில் கார் வாங்க இந்த ஊர் ஆலோசனை எதுவும் உதவாது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

முன்னாள்_சர்வேயர்
செவ்வாய், காலை 8.30

இருபது ஆண்டுக்கு மேல் மோட்டார் கிளெய்ம் சர்வேயராக (இடிபட்ட வண்டியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுபவர்) இருந்தேன். திருச்சி, திண்டுக்கல், மதுரை வட்டாரம். தம்பியின் கணக்கில் மூன்று இடம் கண்ணில் படுகிறது.

முதலாவது ஓன் டேமேஜ் 19,800. கம்பெனிகள் ஓடி (ஓன் டேமேஜ்) விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2007-லேயே விட்டுவிட்டார்கள். ஆனாலும் அதற்கு முன்பிருந்த கட்டணப் பட்டியலை அடியாக வைத்து, அதில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று சொல்லும் வழக்கம் போகவில்லை. அந்தப் பட்டியலில் சென்னை மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மதுரை உள்பட மற்றவை பி மண்டலம். பி மண்டலத்தில் 1000 முதல் 1500 சிசி வரையிலான புது வண்டிக்கு ஐடிவியில் 3.191%. உங்கள் 7,12,500-க்கு அது 22,736 ரூபாய். ஷோரூம் உங்களுக்குக் கொடுத்திருப்பது அதில் 13% தள்ளுபடி. வெளியில் கேட்டால் இதே வண்டிக்கு 40, 50 சதவீதம்கூடக் கிடைக்கும். நீங்கள் பேச வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது, உரிமையாளர் விபத்துக் காப்பீடு. இது 15 லட்சத்துக்கானது, கட்டாயம். ஆனால் உங்கள் பெயரில் வேறு வண்டி இருந்து, அந்தப் பாலிசியில் இது ஏற்கெனவே இருந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. பைக் இருக்கிறதா?

மூன்றாவது, கூடுதல் கவர்கள். ஒன்பது ரூபாய்க்குச் சட்னி, மூன்று ரூபாய்க்குச் சாம்பார் என்று தனித்தனியாக விலை போட்ட மாதிரி இருக்கிறது. எல்லாம் வேண்டியதில்லை. ஆனால் ஜீரோ டெப்பை எடுக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிதாக ஓட்டுபவர் முதல் ஆண்டில் இடிப்பது பம்பரைத்தான். பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், நேற்று வாங்கிய வண்டியாக இருந்தாலும் சரி. ஃபைபருக்கு 30%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை.

வைகைக்கரை
செவ்வாய், மதியம் 1.20

ஐயா, மிக்க நன்றி. பைக் இருக்கிறது, என் பெயரில்தான். பாலிசியை எடுத்துப் பார்த்தேன், 15 லட்சம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அதற்கான தேதியும் இன்னும் முடியவில்லை.

இன்னொரு சந்தேகம். நேற்று இரவு ஒரு ஒப்பீட்டுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஓடி 9,700 என்று ஒரு கம்பெனி வந்தது. ஆனால் ஐடிவி 6,41,000 என்று இருந்தது. எடுக்கலாமா?

முன்னாள்_சர்வேயர்
செவ்வாய், மதியம் 2.00

வேண்டாம். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டியிருக்கிறார்கள். புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 5% கழித்தால் வருவதுதான் சரியான ஐடிவி, உங்களுக்கு 7,12,500. வண்டி திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ அந்தத் தொகைதான் கைக்கு வரும். 71,500 ரூபாயை இன்றே விட்டுக்கொடுத்து வெறும் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிப்பீர்கள். கடன் வேறு இருக்கிறது. விலையை ஒப்பிடும்போது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐடிவி போட்டு ஒப்பிடுங்கள்.

கோவை_மூன்றாம்கியர்
செவ்வாய், மாலை 5.45

மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டியை ஏன் ஒரே தடவையில் வாங்குகிறார்கள் என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். அதன் பின்னணி எங்கள் ஊருக்கு நெருக்கமானது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புது காருக்கு மூன்று ஆண்டு, புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறை. முதல் ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்காமல் ஓட்டும் வண்டிகள் அவ்வளவு இருந்தன.

தம்பி, அந்த 10,640-ஐ மட்டும் வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

பாலாறு
செவ்வாய், இரவு 9.10

மேலே சொன்னதை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன். என் மாமா சாலையோரம் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் மோதி இறந்தார். ஓட்டியது 21 வயதுப் பையன். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தார்களாம். தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் கொடுக்கக் கம்பெனி இல்லை, அந்தக் குடும்பத்திடமும் பணம் இல்லை. அத்தை இன்னமும் நீதிமன்றத்துக்கு நடக்கிறார். அந்தப் பையனின் அப்பா இருந்த ஒரே நிலத்தை விற்கப் பார்க்கிறார். இரண்டு வீடும் ஒன்றாக அழிந்ததைப் பார்த்தவன் நான்.

தேர்டு பார்ட்டியில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டும். பிறரின் பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரம்பு. அதையும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறைப்போம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு காரின் பின்புறத்தை இடித்தாலே ஆறாயிரம் போதாது.

தஞ்சை_வெண்ணாறு
புதன், காலை 7.50

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை. வயது 25. புது கார் எடுக்கிறேன். ஒரே வித்தியாசம், அப்பாவின் 2012 மாடல் காரை எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிறோம். அப்பா ஒருமுறைகூட கிளெய்ம் போட்டதில்லை, 50% என்சிபி (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) இருக்கிறது. புது காரை என் பெயரில் எடுக்கப் போகிறேன். ஷோரூமில் என்சிபியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலுவழிச்சாலை
புதன், காலை 9.15

வைகைக்கரைத் தம்பிக்கு நான் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது! என்சிபி வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு போகும். அப்பா பழைய காரை விற்றுவிட்டு அப்பா பெயரிலேயே புது கார் எடுத்தால், புது காரின் ஓடி பிரீமியத்தில் 50% கழியும். உங்கள் பெயரில் எடுத்தால் பூஜ்ஜியத்தில் தொடங்குவீர்கள். உயிரோடு இருக்கும் அப்பாவின் என்சிபியை மகனுக்கு மாற்ற முடியாது.

பழைய கம்பெனியிடம் "என்சிபி ரிசர்விங் லெட்டர்" என்று கேளுங்கள். அது மூன்று ஆண்டு வரை செல்லும். ஓடி 12,000 என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டே 6,000, ஜிஎஸ்டியோடு ஏழாயிரத்துக்கு மேல் மிச்சம்.

முன்னாள்_சர்வேயர்
புதன், காலை 10.05

சரியான ஆலோசனை. ஒன்றைச் சேர்க்கிறேன். அப்பா பெயரில் எடுத்தால் அந்த 15 லட்சம் விபத்துக் காப்பீடு அப்பாவுக்கு மட்டும்தான், அதுவும் அவரிடம் செல்லத்தக்க கார் லைசென்ஸ் இருந்தால். தினமும் ஓட்டப் போவது நீங்கள். அதனால் உங்களுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் ஏழாயிரத்தில் கொஞ்சம் அதற்குப் போகட்டும். கடன் உங்கள் பெயரில் என்றால் வங்கி என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோவை_மூன்றாம்கியர்
புதன், மதியம் 12.30

சர்வேயர் ஐயாவிடம் ஒரு கருத்து வேறுபாடு. ஜீரோ டெப் எடுத்துவிட்டுச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு என்சிபியை இழப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதைவிட 5,000 ரூபாய் வரை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று வாலண்டரி டிடக்டபிள் எடுத்தால் ஓடியில் தள்ளுபடி கிடைக்கும். நான் எட்டு ஆண்டாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

முன்னாள்_சர்வேயர்
புதன், மதியம் 3.40

எட்டு ஆண்டு ஓட்டியவருக்கு அது சரி. ஏழு மாதம் ஓட்டியவருக்கு நான் சொல்லமாட்டேன். பழைய பட்டியல்படி 5,000-க்குத் தள்ளுபடி 25 சதவீதம் என்று கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் உச்சவரம்பு 1,500 ரூபாய். ஒரே ஒரு கிளெய்ம் வந்தாலும் மூன்று ஆண்டுத் தள்ளுபடி போய்விடும். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாய டிடக்டபிள் ஆயிரம் ரூபாய் எப்படியும் உண்டு. டிடக்டபிள் விஷயத்தில் இருவரும் அவரவர் கருத்தோடு இருக்கலாம்.

ஆனால் சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடக்கூடாது என்பதில் உங்களோடு நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். அந்தக் கணக்கை யாரும் புது ஓட்டுநர்களுக்குச் சொல்வதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என்சிபி படிகள்: கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டு முடிந்தால் 20%, அப்புறம் 25, 35, 45, கடைசியாக 50. இடையில் ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்ஜியம். முதல் ஆண்டிலேயே ஒரு கிளெய்ம் போட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டிய 20 போச்சு. அதற்கு அடுத்த ஆண்டு 25-க்குப் பதில் 20, அதில் 5 போச்சு. அப்புறம் 10, 10, 5. மொத்தமாகக் கூட்டினால் 50. அதாவது ஓர் ஆண்டு ஓடி பிரீமியத்தில் பாதி. ஓடி பத்தாயிரம் என்றால் அந்தக் கிளெய்முக்கு நீங்கள் கொடுக்கும் விலை சுமார் ஐந்தாயிரம், அதோடு ஆயிரம் டிடக்டபிள்.

50% வரை ஏறியவர் ஒரு கிளெய்ம் போட்டால் 50, 30, 25, 15, 5 என்று இழப்பார். கூட்டினால் 125. ஒன்றேகால் ஆண்டு பிரீமியம்.

இதை ஒரு பில்லோடு வைத்துப் பாருங்கள். பம்பர் 6,000, கூலி 2,500, பெயின்ட் 4,000, மொத்தம் 12,500. ஜீரோ டெப் இல்லாவிட்டால் பம்பரில் பாதி 3,000 கழியும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி, 500 கழியும். டிடக்டபிள் 1,000. கைக்கு வருவது 8,000. ஜீரோ டெப் இருந்தால் 11,500. இதற்குக் கிளெய்ம் போடுவது நியாயம். வெறும் பெயின்ட் வேலை 4,000 என்றால் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். என்சிபியைக் காக்கும் கூடுதல் கவரும் இருக்கிறது, ஆனால் காக்க என்சிபி சேர்ந்த பிறகு அதை யோசித்தால் போதும்.

குமரிமுனை
புதன், இரவு 8.25

பழைய கார் வாங்கும் புது ஓட்டுநர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன ஆண்டு நாகர்கோவிலில் 2014 மாடல் கார் ஒன்றை 1.9 லட்சத்துக்கு வாங்கினேன். "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கு, கவலையே வேண்டாம்" என்றார் விற்றவர். ஆர்சி என் பெயருக்கு வந்தது. பாலிசியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது மாதம் பின்னால் எடுக்கும்போது வீட்டு மதிலில் மோதி, டிக்கி, விளக்கு எல்லாம் போனது. கம்பெனியில், "பாலிசி உங்கள் பெயரில் இல்லையே" என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு வண்டி கைமாறும்போது தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஓடிக்கு அப்படி இல்லை. 14 நாளுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் வைத்திருந்த என்சிபி நமக்கு வராது, அந்தத் தள்ளுபடித் தொகையைக் கட்டித்தான் மாற்ற முடியும்.

23,000 ரூபாய் கைவிட்டுச் செலவு செய்தேன். இப்போது அந்த வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் வைத்திருக்கிறேன். 3,416, ஜிஎஸ்டியோடு 4,031. இரண்டு லட்சத்துக்கும் குறைந்த பழைய வண்டிக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

பாலாறு
புதன், இரவு 8.50

அக்கா, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. பழைய வண்டி வாங்கும் பத்துப் பேரிடம் கேட்டால் இந்த 14 நாள் விஷயம் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

சிறுமலை_அடிவாரம்
புதன், இரவு 10.30

ஒரு சின்னக் கேள்வி. எனக்கு இன்னும் எல்எல்ஆர்தான். அண்ணன் காரில் பழகும்போது இடித்துவிட்டால் கிளெய்ம் கிடைக்குமா?

முன்னாள்_சர்வேயர்
வியாழன், காலை 7.10

கிடைக்கும் அம்மா, விதிப்படி ஓட்டியிருந்தால். எல்எல்ஆர் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், பக்கத்தில் முறையான லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருக்க வேண்டும். அண்ணன் வாசலில் நின்று சொல்லிக்கொடுத்தார் என்றால் ஆகாது. போர்டு இல்லாததால் சிக்கிய கிளெய்ம்களை நானே பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை
வியாழன், மாலை 6.40

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு பொதுத்துறைக் கம்பெனி கிளைக்கும் இரண்டு தனியார் கம்பெனிகளுக்கும் போனேன். எல்லோரிடமும் ஐடிவி 7,12,500 என்று சொல்லியே கேட்டேன். ஒரு இடத்தில் ஓடி 11,600-க்குத் தருகிறார்கள். ஜீரோ டெப் 2,950.

ஷோரூமில் சொன்னதும் மேலாளர் முகம் மாறிவிட்டது. வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் (பழுதுச் செலவைக் கம்பெனியே பணிமனைக்கு நேராகக் கட்டுவது) கிடையாது, டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் கேட்டால் "கடைசி நாள்தான் வரும்" என்கிறார். அந்த நம்பர் இல்லாமல் வெளியில் பாலிசி போட முடியாது. என்ன செய்வது?

நாலுவழிச்சாலை
வியாழன், இரவு 7.30

எல்லா ஊரிலும் இதே கதைதான். ஷோரூம்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அதிலேயே இருக்கிறது.

வாயால் பேசாதீர்கள். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் இன்சூரன்ஸை வெளியில் எடுக்கிறேன். சேசிஸ், எஞ்சின் நம்பரோடு இன்வாய்ஸ் நகல் தாருங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்." நகலைக் கார்க் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் போடுங்கள். எனக்கு அரை நாளில் நம்பர் வந்தது.

கேஷ்லெஸ் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பணிமனைக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நீங்கள் பார்த்திருக்கும் கம்பெனியின் பட்டியலில் அந்தப் பணிமனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோவை_மூன்றாம்கியர்
வியாழன், இரவு 8.05

கடன் இருப்பதால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸை விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. வண்டி திருடு போனால் இன்வாய்ஸ் தொகை வரும். சாவி, டயர் கவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். எஞ்சின் கவரை வையுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றதும் மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்தால் சாதாரண பாலிசி கொடுக்காது. சென்னையில் 2015 வெள்ளத்தில் என் தம்பி அப்படித்தான் எஞ்சினை இழந்தான். குறைவாக ஓட்டுபவர் என்றால் கிலோமீட்டர் கணக்கில் பிரீமியம் வாங்கும் கவரும் 2022 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை
சனி, மதியம் 12.10

முடிந்தது! மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் காலையிலேயே இன்வாய்ஸ் நகல் வந்துவிட்டது.

ஓடி 11,600
தேர்டு பார்ட்டி 10,640
ஜீரோ டெப் 2,950
எஞ்சின் 800
கன்ஸ்யூமபிள்ஸ் 500
கூட்டினால் 26,490. ஜிஎஸ்டியோடு 31,258.

16,756 ரூபாய் மிச்சம். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பற்றி நிறைய யோசித்தேன். பாதிப் பணம் கையிலிருந்து கட்டுவதால் கடன் பாக்கி எப்போதும் ஐடிவிக்குக் கீழேதான் இருக்கும், அதனால் விட்டுவிட்டேன். கோவை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். முகம் தெரியாத எனக்காக இத்தனை பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அப்பாவிடம் இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். சர்வேயர் ஐயா எழுதிய கணக்கை ஒரு தாளில் எழுதி, ஆர்சி வைக்கும் உறையில் போடச் சொன்னார்.

முன்னாள்_சர்வேயர்
சனி, மதியம் 1.30

மிக்க மகிழ்ச்சி தம்பி. பாலிசி கையில் வந்ததும் சேசிஸ், எஞ்சின் நம்பரை வண்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், வங்கியின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த ஆண்டு ஓடி முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். தேர்டு பார்ட்டி மூன்று ஆண்டு இருக்கிறது என்ற நினைப்பில் ஓடியை மறந்துவிடுபவர்கள் அதிகம். விட்டுப்போனால் வண்டியைச் சோதித்த பிறகுதான் புதுப்பிப்பார்கள், 90 நாளைத் தாண்டினால் சேர்ந்த என்சிபியும் போகும்.

தஞ்சை_வெண்ணாறு
அடுத்த வியாழன், இரவு 9.20

என் பக்கத்துச் செய்தி. புது காரை அப்பா பெயரிலேயே எடுக்கிறோம். வங்கியில் கேட்டதற்கு அப்பாவும் நானும் கூட்டாகக் கடன் வாங்கலாம் என்றார்கள். என்சிபி கடிதம் கேட்டுப் பழைய கம்பெனிக்குப் போனால், வண்டி விற்றதற்கு ஆதாரம் கேட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 நகல்களையும் எக்ஸ்சேஞ்ச் ரசீதையும் கொடுத்தோம். நான்காம் நாள் கடிதம் வந்துவிட்டது, 50% என்று போட்டிருக்கிறது. ஷோரூம் இப்போது அதே ஓடியைப் பாதியாகக் குறைத்து மறுபடி கணக்கு அனுப்பியிருக்கிறது. நாளை வெளியிலும் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.